நிலவின் ஓரத்தில் ஓர் ஊதாக் கோடு

பத்திரிகையில் எழுதுகிறவள் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டால் ஒரு உபரி வேலை தானாக வந்து சேரும். மற்றவர்களின் கடிதங்களைச் சரிபார்ப்பது. லீவ் லெட்டர், குவார்ட்டர்ஸ் மாற்றிக் கேட்கும் மனு, காதுகுத்துப் பத்திரிகை... எங்கள் பிளாக்கில் எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். நானும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி இருக்கும். அடுத்த தெரு தனசேகர் வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு பேப்பர்.

"மேடம், இது சரியா இருக்குதான்னு கொஞ்சம் பாத்துக் குடுங்க. நாளைக்கு இன்சார்ஜ்கிட்ட குடுக்கணும்."

பிரித்தேன். மூன்றே வரி. 'ஐயா, சில மாதங்களாக என் கண்ணில் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே என்னை மெஷினிலிருந்து இறக்கி வேறு வேலை கொடுக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இது யாரும் சொல்லி எழுதியதல்ல.'

ஒரு பிழை இல்லை. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தனசேகரை உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுகிறார். மூன்று மாடி உயரத்தில் ஒரு சக்கரம், சக்கரம் முழுக்க மண் வாரும் வாளிகள் — அதுதான் பக்கெட் வீல். சக்கரம் சுற்றச் சுற்ற மண் சரிந்து பெல்ட்டில் விழும். நிலக்கரி கிடைக்கும் வரை இப்படி மண்ணை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ராட்சதனை ஒரு சின்ன கேபினில் உட்கார்ந்து இரண்டு கையால் ஆட்டி வைக்கிறவர் தனசேகர். இருபத்திரண்டு வருஷமாக! பண்டிகை நாளில்கூட மெஷினைப் பற்றிப் பேசாமல் அவரால் அரை மணி நேரம் இருக்க முடியாது. 'நம்ம மெஷினு' என்றுதான் சொல்வார். அதிலிருந்து தன்னை இறக்கிவிடும்படித் தானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்.

"கண்ணில் என்ன கோளாறு?" என்றேன்.

"ஊதா தெரியுது மேடம்."

"ஊதாவா?"

"அன்னைக்கே கேட்டேன் இல்ல? நெலாவோட ஓரத்துல. நீங்ககூட ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க."

எனக்கு நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தக் கதைக்குப் போக வேண்டுமானால் என் டெலஸ்கோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண்மணி என்ன வாங்குவாள்? நான் ஒரு அக்ரோமாடிக் ரிஃப்ராக்டர் வாங்கினேன். நீளமான வெள்ளைக் குழாய், முன்னால் லென்ஸ், பின்னால் கண் வைக்கிற இடம், மூன்று கால். "இத வச்சு என்ன செய்யப் போற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அனல் மின் நிலையத்தில் இன்ஜினியர், திருநெல்வேலிக்காரர், பயன் தெரியாத பொருளை வீட்டுக்குள் விடமாட்டார். "நிலாவைப் படம் எடுக்கப் போறேன்" என்றேன். அவர் கொசுவர்த்தி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நெய்வேலியில் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மரம்! எங்கள் வாசலில் பலா, பக்கத்து வீட்டில் மா, எதிரில் தூங்குமூஞ்சி. வீட்டிலிருந்து அண்ணாந்தால் இலைதான் தெரியும். ஆகவே தெரு முனையில், நான்கு தெருவும் கூடுகிற இடத்தில், நட்ட நடு ரோட்டில் முக்காலியை நிறுத்தினேன். நடு ரோட்டில் ஒரு பெண் வெள்ளைக் குழாயோடு நின்றால் யார்தான் நிற்காமல் போவார்கள்? அரை மணியில் ஒரு வரிசையே உருவாகிவிட்டது.

வளர்பிறை அரை நிலவு அன்றைக்கு. டெலஸ்கோப்பில் நிலவைப் பார்க்க அதுதான் சரியான நாள். பௌர்ணமி அன்று வெளிச்சம் நேராக விழுந்து எல்லாம் தட்டையாகத் தெரியும். அரை நிலவில் வெயில் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் வட்டம் வட்டமாகக் குழிகள், குழிக்கு நடுவில் குன்றுகள், குன்றின் நுனியில் மட்டும் வெயில். முதல் தடவை பார்த்தபோது, இத்தனை நாள் இதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

மற்ற ஊராக இருந்தால் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். இது சுரங்கக்காரர்களின் ஊர். முதலில் பார்த்த பெல்ட் செக்‌ஷன் ஆள் கேட்டார்: "இம்மாம் பெரிய குழி... ஓவர்பர்டன எங்க கொட்டினாங்க?"

ஓவர்பர்டன் என்றால் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண். குழி என்று ஒன்று இருந்தால் வாரிய மண்ணுக்கு ஒரு மலை இருக்க வேண்டும். இதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. விண்கல் மோதியதால் வந்த பள்ளம், மண் சிதறிச் சுற்றிலும் கரையாக நிற்கிறது என்று விளக்கினேன். திரும்பக் குனிந்து பார்த்தார். "ஆமா, சுத்தி டம்ப் பண்ணியிருக்கு" என்று திருப்தியாக நகர்ந்தார்.

அடுத்து வந்தவர் பம்ப் ஹவுஸ் ஆள். எங்கள் சுரங்கத்தில் ராத்திரி பகல் இல்லாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் குழி குளமாகிவிடும். அவர் நிலவை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஒரு பம்ப்பு இல்ல. எல்லாக் குழியும் காஞ்சிகினு கெடக்குது. குடுத்து வச்சவங்க!"

யார் குடுத்து வைத்தவர்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு தனசேகர். அவர் மட்டும் "ஆகா" சொல்லவில்லை. குழியைப் பற்றிக் கேட்கவில்லை. மூச்சுக்கூட விடாமல் நெடுநேரம் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"மேடம், ஓரத்துல ஊதாவா ஒரு கோடு ஓடுதே, அது என்னா?"

"எந்த ஓரத்துல?"

"வெளி ஓரத்துல. வெளிச்சமா வளைஞ்சிகினு போவுதே, அங்க. கத்திரிப்பூ கலர்ல."

நான் குனிந்து பார்த்தேன். ஓரம் வெள்ளை. பளீர் வெள்ளை. அதற்கு வெளியே கறுப்பு வானம்.

"ஒண்ணும் இல்லியே தனசேகர். சுத்தமான வெள்ளை. இந்த டெலஸ்கோப்போட பேரே அக்ரோமாடிக். நிறம் காட்டாதுன்னு அர்த்தம்."

எவ்வளவு தோரணையாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கன்னம் சுடுகிறது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "சரிங்க மேடம்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் அதை அன்றிரவே மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் படம் எடுப்பதில் மும்முரமாகிவிட்டேன். கண் வைக்கிற இடத்தில் போனைக் கையால் பிடித்து எடுத்தால் வெறும் வெள்ளை உருண்டை வரும், அல்லது என் கட்டைவிரல் வரும். போனை மாட்ட ஒரு பிடி வாங்கினேன். திரையில் நிலவைத் தொட்டு, வெளிச்சத்தை மூன்று பங்கு குறைத்து, விரல் ஆட்டம் படத்தில் விழாமலிருக்க டைமர் வைத்து... இத்தனையும் செய்வதற்குள் நிலவு நகர்ந்து குழாயை விட்டே வெளியே போயிருக்கும். அப்புறம் திரும்பத் துரத்த வேண்டும். ஐம்பது படத்தில் ஒன்று தேறும். அந்த ஒன்றைப் பார்த்தால் மற்ற நாற்பத்தொன்பதும் மறந்துபோகும். எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தேன். நிலவுக்கு ஏது கலர்? கறுப்பு வெள்ளைதான் கம்பீரம் என்பது என் கட்சி.

தனசேகர் மட்டும் முனைக்கு வருவதே இல்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷிஃப்ட் மாறவில்லை. அவர் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். கூட வேலை பார்த்த ஒருவருக்கு விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிந்ததாம். வெளியில் சொல்லாமல் மறைத்தாராம். கண்ணில் பிரஷர் என்று பிறகு தெரிந்து மெஷினிலிருந்து இறக்கிவிட்டார்களாம்.

"உங்களுக்கு விளக்கைச் சுற்றித் தெரிகிறதா?"

"இல்ல மேடம். நெலாவுல மட்டும்தான். அதுவும் உங்க குழாய்ல பாத்தப்ப மட்டும்தான். ஆனா அதான் ஆரம்பம்னு..."

அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். குழாயில் பார்த்தபோது மட்டும்தான் என்கிறார்! தட்டவில்லை. நான்தான் பார்த்துவிட்டேனே, வெள்ளை என்று சொல்லிவிட்டேனே.

"முதல்ல டாக்டரைப் பாருங்க. அப்புறம் லெட்டர் எழுதலாம்."

"டாக்டர் எழுதினா அது அவரு சொன்னதா ஆயிடும் மேடம். நானா சொல்லணும். கீழ ஆளுங்க நடந்துகினு இருப்பாங்க. பெல்ட்டாண்ட ஆளு நிக்குதா, மண்ணோட கல்லு வருதா, எல்லாம் என் கண்ணுதான் சொல்லணும். அது இல்லாதத இருக்குன்னு காட்ட ஆரம்பிச்சா? இருக்கறத இல்லன்னு காட்டினா?"

எங்கள் பலா மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "மெஷின வுட்டு எறங்கிட்டு நான் என்னா பண்ணுவேன்னே தெரில."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த மெடிக்கல் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பேசாமல் இருந்திருக்கலாம். கீழே நடக்கிற யாரோ ஒருவருக்காக, தான் உயிராக நினைக்கிற ஒன்றைக் கழற்றிக் கொடுக்கத் துணிந்த மனிதரை எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறோம்?

அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. தனசேகரின் மனைவி மல்லிகா. அழுது வீங்கிய முகம். அவர் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"அக்கா, நீங்க அதுல கையே வெக்காதீங்க. நேத்துதான் எங்கிட்ட சொல்லுது இந்த மனுசன். இத்தினி மாசமா உள்ளயே வச்சிகினு இருந்திருக்குது. நீங்க நெலாவ போட்டோ புடிக்கிறீங்க இல்ல? அதுல ஊதா வருதா?"

போனை எடுத்துக் காட்டினேன். என் கம்பீரமான கறுப்பு வெள்ளைப் படங்கள். மல்லிகா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"என்னாக்கா இது, அந்தக் காலத்துக் கல்யாண போட்டோ மாதிரி! கலர்ல இல்லியா?"

"நிலாவுக்கு ஏது மல்லிகா கலர்?"

"அதான இப்ப கேள்வியே! கலர்ல ஒண்ணு புடிங்க. கேமராவுக்குமா கண்ணு கெட்டுப் போயிருக்கும்?"

பத்திரிகையில் பத்தி எழுதுகிற எனக்குத் தோன்றாதது மல்லிகாவுக்குத் தோன்றியது. தனசேகரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நல்ல வேளையாக அன்றைக்கும் வளர்பிறை. ஆறே முக்காலுக்கு முனைக்குப் போனோம். வீட்டுக்காரரும் கொசுவர்த்தியோடு வந்தார். அவசரத்தில் எனக்குப் பிடியில் போன் உட்காரவில்லை. தனசேகர் வாங்கி மாட்டினார். நிலவு நகர நகர, இரண்டு விரலால் குழாயை மயிரிழை மயிரிழையாகத் தள்ளி, நடுவிலேயே நிறுத்தி வைத்தார். ராட்சத மெஷினை ஆட்டி வைத்த கை அல்லவா? நான் இத்தனை மாதம் நிலவைத் துரத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

கலர் மோட். வெளிச்சத்தைக் குறைத்தேன். டைமர். மூன்று, இரண்டு, ஒன்று.

படத்தை விரலால் விரித்தேன். குழிகள், நிழல்கள், பிறகு வெளி ஓரம்... மெல்லிய ஒரு கோடு, வளைவு முழுக்க. கத்திரிப்பூ நிறம்.

மல்லிகா போனைப் பிடுங்கிப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதான? இதானய்யா? சொல்லு!"

"இதான்" என்றார் தனசேகர். குரல் எழும்பவே இல்லை. இன்னொரு முறை "இதேதான்" என்றார். பிறகு ரோட்டு ஓரத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

பிறகு மல்லிகா குழாயில் பார்த்தாள். "ஐயே, எனக்கும் தெரியுது!"

வீட்டுக்காரர் பார்த்தார். "ஆமா, ஊதாதான். முதல் நாளே பாத்தேன்லா."

"பாத்தீங்களா? ஏன் சொல்லல?"

"லென்ஸ் அப்படித்தான் இருக்கும். எல்லா நிறத்தையும் ஒரே இடத்துல சேக்க முடியாது. ரெண்டு கண்ணாடி வச்சு முக்காவாசி சேத்திருக்கான். ஊதா மட்டும் கொஞ்சம் தள்ளி விழும். அக்ரோமாடிக்னா நிறமே வராதுன்னு இல்ல, குறைச்சலா வரும்னு அர்த்தம். நீ என்கிட்ட எங்க கேட்ட?"

இன்ஜினியரைக் கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான். கேட்காத கேள்விக்குப் பதில் வராது.

"தனசேகர்," என்றேன், "எத்தனையோ பேர் பார்த்தாங்க. ஒருத்தர்கூட இதைச் சொல்லலியே?"

"எல்லாரும் குழியப் பாத்தாங்க மேடம். நான் எப்பவும் ஓரத்தத்தான் மொதல்ல பாப்பேன். மண்ணு சரியறது ஓரத்துலேந்துதான்."

எவ்வளவு கூர்மையான கண்! இதையா கெட்டுப்போன கண் என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தார்?

சரி, நானும் ஆசைதீரப் பார்த்துவிடுகிறேன் என்று குனிந்தேன். இப்போதுதான் தெரியுமே, எங்கே பார்க்க வேண்டும் என்று. வெளி ஓரம். வெளிச்சம் வளைந்து போகிற இடம்.

வெள்ளை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். வெள்ளை. அடுத்த கண்ணை வைத்துப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. நிமிர்ந்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்," என்றார் தனசேகர் மெதுவாக, "நீங்க ஒரு தடவ டாக்டரப் பாக்கறீங்களா?"

அந்த வாரமே கடலூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். தனசேகரை அழைத்துப் போகிறேன் என்று பெயர். போர்டில் இருந்த கடைசிச் சின்ன வரி வரைக்கும் அவர் கடகடவென்று படித்தார். பிரஷரும் பார்த்தார்கள். எல்லாம் பிரமாதம். அவருக்குப் பத்து நிமிடம். எனக்கு ஒன்றரை மணி நேரம்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆரம்பம் இல்லை, நன்றாகவே மஞ்சளாகியிருக்கிறதாம். "மஞ்சள் கண்ணாடி வழியாத்தான் இத்தனை நாள் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்கம்மா. ஊதா உள்ளேயே வராது. மெதுவா ஆகுறதால உங்களுக்கே தெரியாது" என்றார் டாக்டர். போன் படத்தில் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கேமரா அதைச் சிவப்பும் நீலமும் கலந்த நிறமாக மாற்றிக் காட்டுகிறது, அது உள்ளே வந்துவிடும் என்றார். வீட்டுக்காரர் பலமாகத் தலையாட்டினார். அதுவும் அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தனசேகரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தை, மாதக்கணக்கில் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இருபத்திரண்டு வருஷத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்.

"வுடுங்க மேடம்" என்றார். "நீங்க பொய்யா சொன்னீங்க? உங்களுக்குத் தெரிஞ்சத சொன்னீங்க."

"நீங்க ஏன் உங்க கண்ணை நம்பல?"

"நீங்க அவ்ளோ அடிச்சி சொன்னீங்களே, மேடம்."

சேற்றிலும் தூசியிலும் இருபத்திரண்டு வருஷம் பழகிய பார்வை, என் ஒரு தோரணைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறது. பெயர் தெரிந்தவள், அர்த்தம் தெரிந்தவள், பத்திரிகையில் எழுதுகிறவள்... போதாதா?

பத்து நாளைக்கு முன் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டு பிரித்ததும் ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் பூத்த வெள்ளையாக இருந்தது. என் வெள்ளைப் புடவை உண்மையில் என்ன நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம். முந்தாநாள் தனசேகரே முனையில் முக்காலியை நிறுத்தி, நிலவை நடுவில் பிடித்துக் கொடுத்தார். வலது கண்ணை வைத்தேன்.

ஊதா! வெள்ளி விளிம்பை ஒட்டி, இருட்டில் கசிகிற மாதிரி ஒரு மெல்லிய ஊதா. லென்ஸின் குறைதான். இருந்தால் என்ன? அவ்வளவு அழகான குறையை நான் பார்த்ததே இல்லை. இடது கண்ணை வைத்தேன். வெறும் வெள்ளை. வலது, இடது, வலது... சின்னப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனசேகர் பொறுமையாகக் குழாயைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அவருக்குக் காலை ஷிஃப்ட். மெஷினுக்குத்தான்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை யாராவது எதையாவது காட்டி "தெரியுதா?" என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்லப்போகிறேன், இல்லை என்று சொல்வதாக இல்லை.